ஜீப் ராங்லரின் மூணாவது பிரேக் லைட்: ஒரு திருத்தம்

ராங்லரோட பின்கதவுல பெரிய ஸ்டெப்னி மாட்டினா நடுவுல இருக்கற மூணாவது பிரேக் லைட் மறையுது, சரி. ஆனா ஒரு நண்பர், "அந்த லைட்டைக் கழட்டி நம்பர் பிளேட் மேல வைங்க, பக்கத்து டெயில் லைட் வயர்லயே கனெக்‌ஷன் எடுங்க, அமெரிக்காவுல நாமளே செஞ்சா தப்பில்ல"ன்னு எழுதியிருக்கார். பாதிதான் உண்மை.

பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்க வைக்கக் கூடாதுங்கற ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) தடை தயாரிப்பாளர், டீலர், பட்டறை மாதிரி தொழில் நடத்தறவங்களுக்குத்தான், சொந்தக்காரருக்கு இல்ல. ஆனா ரோட்டுல ஓடுற வண்டிக்கு மாநிலச் சட்டம்னு ஒண்ணு இருக்கே! வண்டி விளக்குகளுக்கான ஃபெடரல் தரம் 108 படி ராங்லர் மாதிரி வண்டிக்கு இந்த விளக்கு பின்பக்க நடுக்கோட்டுல, தரையிலிருந்து 34 அங்குலமாவது உயரத்துல இருக்கணும். ராங்லரோட ஒரு தலைமுறையான ஜேகே (JK) மாடல்ல நம்பர் பிளேட்டே இடது ஓரத்துலதான்!

வயர் விஷயம் இதைவிட மோசம். அமெரிக்க ஜேகேயில பின்னாடி பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் சிவப்பு விளக்குக்குள்ள ஒரே ஃபிலமென்ட் (பல்புக்குள்ள எரியற இழை). அந்த வயர்ல கிளை எடுத்தா, இடது இண்டிகேட்டர் போடும்போது மூணாவது லைட்டும் சேர்ந்து மினுக்கும். நானும் ஒரு தடவை அப்படிச் செஞ்சு, பார்க்கிங்ல மனைவி கத்தினப்புறம்தான் கவனிச்சேன்.

பழைய விளக்குக்கு வந்த வயரையே நீட்டுங்க. டெயில்கேட் கீல் பக்கம் கொஞ்சம் தளர்வா விடுங்க, இல்லன்னா கதவு திறக்கத் திறக்க அறுந்துடும். ஸ்டெப்னியைத் தாண்டி உயர்த்தற பிராக்கெட் தனியாவே கிடைக்குது, கீழ இறக்கவே வேண்டாம்.