அந்தக் காதைத் திருத்தச் சொன்னது யார்?

பாம்பன் கரைப் படத்தைப் பற்றி மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி என் அத்தை மகனே அந்த வண்ணப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு, "நம்ம ஊர் அந்தக் காலத்துல எவ்ளோ அழகா இருந்திருக்கு" என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

எந்தப் படம் என்று சொல்லிவிடுகிறேன். கரையேற்றிய இரண்டு வத்தைத் தோணி, மணலில் காயும் கருவாடு, ஓலைக் கொட்டானோடு நாலு பெண்கள், பின்னால் ரயில் பாலம். கறுப்பு வெள்ளையில் பல வருஷமாகச் சுற்றுகிற படம்தான். பழைய படங்களைப் பகிர்கிற ஒரு பக்கத்துக்காரர்கள் அதை ஏஐக்குக் கொடுத்து வண்ணம் ஏற்றி, "பாம்பன், 1905" என்று எழுதிவிட்டார்கள்.

பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. கட்ட ஆரம்பித்ததே 1911-இல்தான். 1905 படத்தில் பாலம் எப்படி வரும்? கேட்டதற்கு, "ஒன்பது வருசம் முன்னப் பின்ன இருந்தா என்னண்ணே" என்று ஒரு தம்பி பதில் போட்டார். தம்பி, பாலத்துக்கு முன்னால் ராமேஸ்வரம் தீவுக்கு யார் வந்தாலும் தோணியில்தான் வரவேண்டும். பாலம் வந்த பிறகு மெட்ராசில் ரயில் ஏறியவன் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போய்விடலாம். எங்கள் கரையின் பிழைப்பே அந்தச் சில வருஷத்தில்தான் திசை மாறியது. அது சின்ன விஷயம் இல்லை.

சரி, தேதியை விட்டுவிடுகிறேன். என்னைத் தூங்கவிடாதது காது.

மூலப் படத்தில் இடது ஓரம் நிற்கிற அம்மாவைப் பாருங்கள். காது தோள் வரை தொங்குகிறது, அதில் தண்டட்டி என்கிற கனத்த காதணி. வண்ணப் படத்தில் அந்தக் காது இல்லை. படம் கிழிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெஷின் தைத்துவிட்டது. சின்னதாக ஒரு காது, அதில் பொட்டுத் தோடு. நாலு பேருக்கும் ரவிக்கை வேறு மாட்டியிருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு சின்னப் பயல் ஆடிவிட்டதால் முகம் கலங்கிப்போயிருக்கும். அவனுக்கு இப்போது பளிச்சென்று கண், மூக்கு, ஒரு சிரிப்பு எல்லாம் வந்துவிட்டன. அது யார் முகம்? அந்தப் பயலுடையது இல்லை. உலகத்தில் எவனுடையதோ.

படத்தில் இருப்பதை மாற்றாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"வண்ணம்தானே, சந்தோஷத்துக்குப் போட்டோம்" என்கிறீர்கள். அந்த வண்ணமாவது சரியா? அந்தக் காலத்துக் கேமராவில் படம் பதிகிற கண்ணாடித் தகடு பெரும்பாலும் சிவப்பை உணராது. சிவப்புச் சேலை கறுப்பாக விழும். நீலத்தை அளவுக்கு மேல் உணரும், அதனால் வானமும் கடலும் வெளுத்துப்போகும். நம் தோல் நிறமும் இருந்ததைவிடக் கறுத்துத் தெரியும். நடுவில் நிற்கிற பெண்ணின் சேலை ரத்தச் சிவப்பாக இருந்திருக்கலாம். மெஷின் அதற்குச் சாம்பல் பூசி, "வறுமையிலும் எளிமை" என்று ஒரு வரியும் சேர்த்துத் தந்திருக்கிறது. தண்டட்டி தங்கம் ஐயா. தங்கம் போட்ட பெண்ணை ஏழையாக்கிவிட்டு எளிமை என்கிறீர்கள்.

"ரவிக்கை இல்லாமல் எப்படிப் போடுவது, கூச்சமாக இருக்காதா" என்று கேட்ட அக்காவுக்கு: அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார்கள். இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

"அது வெள்ளைக்காரன் எடுத்த படம், அவன் மட்டும் உண்மையா காட்டினான்?" இந்தக் கேள்வி நியாயமானது. மெட்ராஸ் மியூசியத்தின் தலைமையில் இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு ஊர் ஊராகப் போய் நம் ஆட்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தவர். 1909-இல் ஜாதி வாரியாக ஏழு தொகுதி போட்டார். அந்தக் காலத்துப் படங்களின் அடியில் பெரும்பாலும் தொழில் இருக்கும், ஜாதி இருக்கும், பெயர் இருக்காது. அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில்தான் நம் ஆட்கள் நின்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பெயரை எழுதாமல் விட்ட அவர்கள்கூடக் காதை விட்டுவைத்தார்கள். நாம் அதையும் எடுத்துவிட்டோம். நம் ஊர்க்காரன் செய்தது என்பதால் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

காது வளர்ப்பது என்றால் என்ன என்று தெரியுமா? சின்னப் பிள்ளையில் குத்தி, பஞ்சு வைத்து, அப்புறம் ஓலைச்சுருள், அப்புறம் ஈயக் குணுக்கு. அந்தக் கனத்தில் காது மெல்ல மெல்ல இறங்கும். என் அப்பத்தா சொல்லும்: "சீழ் வச்சு மாசக்கணக்குல அழுதுருக்கேன்டா, ஆனா தண்டட்டி போட்ட அன்னைக்குத் தெருவெல்லாம் நடந்தேன்."

அப்பத்தாவுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் வீட்டோடு கல்யாணப் படமும் போனது. உயிரோடு வந்ததே பெரிது, படத்தை யார் நினைப்பார்கள். காதில் கிடந்த தண்டட்டியை விற்றுத்தான் மண்டபத்தில் குடிசை போட்டார்கள். அதற்கப்புறம் வெறும் காது தொங்கிக்கொண்டிருந்தது. எண்பதுகளில் என் அப்பா மதுரைக்கு வேலை மாறிப் போனபோது அப்பத்தாவையும் கூட்டிப்போனார். தெருவில் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய்க் காதை அறுத்துத் தைத்துக் கொண்டுவந்தார். "இப்பதான் பார்க்க நல்லாருக்கு" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. நானும் ஆமாம் என்றேன். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. கையைக் காதுக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துவிட்டுக் கொட்டான் முடைய உட்கார்ந்துவிட்டது.

எங்கள் வீட்டில் கேமரா வந்தது அதற்கும் பிறகு. நீண்ட காதோடு அப்பத்தா இருக்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. அதனால்தான் பாம்பன் கரைப் படத்தை என் போனில் இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். இடது ஓரத்து அம்மா எனக்கு யாரும் இல்லை. ஆனால் அந்தக் காது எனக்குத் தெரிந்த காது.

மெட்டீரியல் கிடைத்தால் பகிரத்தான் செய்வோம் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். பகிருங்கள். பக்கத்திலேயே மூலப் படத்தையும் வையுங்கள், 1905-ஐ எடுங்கள். இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டாவது முறை என் பதிவையே நீக்கிவிட்டார்கள்.

அத்தை மகனுக்கு ராத்திரியே இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்பி, "உன் அம்மாச்சி காது எப்படி இருந்ததுன்னு உங்கம்மாகிட்ட கேளு" என்று எழுதினேன். நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் வரவில்லை. காலையில் அத்தைதான் போன் பண்ணியது. எதுவும் பேசவில்லை, அந்தப் பழைய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரமுடியுமா என்று மட்டும் கேட்டது.