ஜெனீவாவில் ஒரு முகம், காஸாவுக்கு வேறு முகம்

வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 தொடக்கம் போராடி வருகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிள்ளையின் போட்டோவோடு அமெரிக்கக் கொடியையும் பிடித்தபடி அம்மாமார் நிற்பார்கள். ஒரு வல்லரசின் வெளிவிவகாரக் கொள்கை சாதாரண சனத்திடம் எவ்வளவு தூரம் வந்து சேரும் என்று கேட்டால், அந்தக் கொடியைத்தான் காட்டுவேன்.

அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. 2012 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் இலங்கைப் போரில் நடந்த மீறல்களுக்குப் பொறுப்புக்கூறக் கேட்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது அமெரிக்காதான். ஆதரவாக 24 வாக்கு, எதிராக 15. கொழும்பில் அதை எதிர்த்து ஊர்வலம் போன நாட்கள் அவை. வெள்ளவத்தையில் நாங்கள் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் செய்தி பார்த்தோம். பயம் ஒரு பக்கம், எங்களுக்காகக் கேட்கவும் ஆள் இருக்கிறது என்ற ஆறுதல் மறுபக்கம்.

2018 ஜூனில் அதே பேரவையை விட்டு அமெரிக்கா வெளியேறியது. இஸ்ரேலுக்கு எதிராகப் பேரவை பக்கம் சாய்கிறது என்பது சொன்ன காரணங்களில் முக்கியமானது. பைடன் காலத்தில் திரும்பி வந்தது, 2025இல் ட்ரம்ப் மறுபடியும் விலகினார். இதற்கிடையில் காஸா. 2023 டிசம்பரில் பாதுகாப்புச் சபையில் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவு, பிரித்தானியா ஒதுங்கிக்கொண்டது, அமெரிக்கா வீட்டோ. 2025 ஜூனில் 14 நாடுகள் ஒரு பக்கம், அமெரிக்கா தனியாக மறுபக்கம்.

இதற்கான விலையை வாஷிங்டன் கொடுக்கவில்லை, நாங்கள்தான் கொடுக்கிறோம். கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவர் கேட்டார்: "காஸாவில் போடுகிற குண்டைக் கொடுத்தவர்களா எங்கள் ஆமியிடம் கணக்குக் கேட்பது?" அவர் இனவாதி இல்லை, காஸாப் பிள்ளைகளை நினைத்து உண்மையாகவே மனம் நொந்தவர். கேள்வியும் நியாயமானது. ஆனால் அந்த நியாயத்துக்குள்ளே, 2009இல் போரின் கடைசி நாட்களில் எங்கள் சனம் கொல்லப்பட்ட முள்ளிவாய்க்கால் அமுங்கிப் போய்விடுகிறது. 2020இல் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா அமெரிக்காவுக்குள் வர, போரின் கடைசிக் கட்டத்து மனித உரிமை மீறல்களைக் காட்டி அந்த நாடு தடை போட்டது. சரியான முடிவுதான். இங்கே அதைக்கூட சீனாவோடு நடக்கும் போட்டியின் ஒரு காய் நகர்த்தல் என்று தட்டிவிட முடிந்தது.

வல்லரசு என்றால் தன் நலனைத்தான் பார்க்கும், இதிலென்ன அதிசயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது போதாது. நலன்தான் என்றால் மனித உரிமை என்ற பேச்சை எடுக்கக்கூடாது. எடுத்தால் கூட்டாளி நாட்டுக்கும் அதே அளவுதான்.

எங்கள் தமிழ் ஆட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவைப் பகைக்கக்கூடாது என்று காஸா பற்றி வாய் திறக்காமல் இருக்கிறீர்கள். அந்த மௌனத்தைக் காட்டித்தான் எங்கள் கோரிக்கையையும் போலி என்கிறார்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள் மேடையில் காஸாவின் பெயரையும் சொல்லுங்கள். அமெரிக்கத் தூதரகத்துக்குக் கொடுக்கும் அடுத்த மகஜரிலும் அதை எழுதுங்கள்.