தங்கச் சங்கிலியில் ஈயக் கட்டி

அம்மாவின் சங்கிலியில் அறுந்தது ஒரே ஒரு கண்ணி. பற்றவைக்கக் கொடுத்தால், அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டி ஒன்றை உட்கார வைத்துத் தருகிறார்கள்! கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "கழுத்தில் போட்டால் தெரியாது அம்மா." தெரியாமல் மறைக்கவா கூலி கொடுத்தேன்?

விரலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் குழைந்து விழுகிறது. அங்கே மட்டும் விறைத்து நிற்கிறது. இரு பக்கத்துக் கண்ணிகளையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். மேலே ஊசிமுனைத் துளைகள், அரம் தேய்த்த கீறல்கள். ஊசியால் மெல்லக் கீறினேன், தடம் விழுந்தது. ஈயம்!

22 காரட் நகையைத் தங்கம் கலந்த பொடி வைத்து, பற்று பிடிக்க உதவும் வெங்கார உப்பைத் தடவி, ஊதுகுழல் நெருப்பில் பற்றவைக்க வேண்டும். சூடு சற்றே மிஞ்சினால் கண்ணியே உருகிவிடும். அதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 200 டிகிரிக்குள் உருகிவிடும். ரேடியோ ஒயர் ஒட்டுகிறவர்கள் அதைத்தான் வைக்கிறார்கள். அதை என் அம்மாவின் சங்கிலியில் வைக்க எப்படி மனம் வந்தது?

எங்கள் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, நெருப்புக் காட்ட மாட்டேன் என்று கையை எடுத்துவிட்டார். சூடேறினால் ஈயம் தங்கத்துக்குள் இறங்கும், தங்கம் நொறுங்கும். ஒட்டிக்கொண்ட கண்ணிகள் அனைத்தையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டுமாம். ஒன்று அறுந்ததற்கு இப்போது மூன்று போகிறது. இது ரிப்பேரா, நாசமா?

எடையை வேறு பெருமையாகக் காட்டினார்கள். கொடுத்தபோது சீட்டில் எழுதிய எடையும் திரும்பத் தந்தபோது தராசு காட்டிய எடையும் ஒன்றுதானாம். எப்படிக் குறையும்? ஈயம் ஏறியிருக்கிறதே! அரத்தில் போன தங்கம் எவ்வளவு, அதை ஈடுகட்டி நிற்கும் ஈயம் எவ்வளவு என்று அந்தத் தராசு சொல்லுமா? கொக்கியில் 916 முத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கட்டிக்கு எந்த முத்திரை?

இதே கடையில்தான் பக்கத்து வீட்டு அக்கா மூக்குத்திக்குக் கல் பதிக்கக் கொடுத்தார். கல்லைப் பிடிக்கும் கம்பிமுனையைச் சரியாக மடக்கவே இல்லை. முகம் துடைக்கும்போதெல்லாம் துண்டில் மாட்டி இழுத்து மூக்கு புண்ணாகிக் கிடக்கிறது, கல்லும் ஆடுகிறது. அவரிடம் மெருகுக்கென்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள்!