ஒரு தோட்டா மட்டும் தெறித்தால் துப்பாக்கி பழுதா?

பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கும் தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில், "திறக்கும்போது இரண்டு தோட்டாவும் தெறிக்காவிட்டால் எஜெக்டர் பழுது; ஸ்பிரிங்கை நீட்டிவிட்டால் சரியாகும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. எஜெக்டர் என்பது, துப்பாக்கியைக் குழல்பக்கம் மடித்துத் திறக்கும்போது தோட்டாக்கூட்டை வெளியே தள்ளும் அமைப்பு. அச்செய்தி சொல்லும் இரண்டுமே தவறு.

சுட்ட குழலின் காலிக்கூடு மட்டும் தெறிப்பதும், சுடாத தோட்டா கையால் எடுக்கும் அளவுக்குச் சற்று மேலெழும்பி நிற்பதுமே எஜெக்டரின் சரியான இயக்கம். குழல்களுக்கு அடியிலுள்ள முன்கட்டைக்குள் ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியே ஒரு ஸ்பிரிங்கும் சிறு சுத்தியலும் இருக்கின்றன. அந்தப் பக்கத்து விசை இழுக்கப்பட்டு, தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகமான குதிரை விழுந்திருந்தால்தான், துப்பாக்கியை முழுதாகத் திறக்கும்போது அச்சுத்தியல் விடுபட்டுக் கூட்டைத் தள்ளும். சுடாத தோட்டாவும் பறந்து விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். எஜெக்டரே இல்லாமல் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பு மட்டும் கொண்ட பழைய துப்பாக்கிகளும் ஏராளம்; அவற்றில் எதுவும் தெறிக்காது.

சுட்ட கூடு தெறிக்காமலோ தாமதமாகவோ வந்தால், முன்கட்டைக்குள் பிசினாக இறுகிய பழைய எண்ணெய், டெல்டாவின் ஈரக்காற்றில் பிடித்த துரு, தோட்டா அறையின் அழுக்கு, ஈரத்தில் உப்பிய காகிதத் தோட்டா ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பல பழைய துப்பாக்கிகளில் உள்ளது மடித்த தகட்டு ஸ்பிரிங் என்பதால், அதை நீட்ட முயன்றால் முறிந்துவிடும். தோட்டா இல்லை என உறுதிசெய்தபின் அறையைத் துடைப்பது உரிமையாளர் செய்யக்கூடியதே. முன்கட்டையின் உட்பாகங்களைப் பிரிப்பது, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை.