ரோடு டாக்ஸ் கார்ப்பரேஷனுக்குப் போகல பாஸ்

மேல ஒருத்தர் "வண்டி வாங்கும்போதே ரோடு டாக்ஸ் கட்டியாச்சு, அப்புறம் தெரு போட சொத்து வரி எதுக்கு, டபுள் வசூல்"னு எழுதிருக்கார், லைக் வேற குவியுது. ஆர்டிஓல கட்டுறது மோட்டார் வாகன வரிங்க, அது மாநில அரசு கஜானாவுக்குப் போறது, சென்னை மாநகராட்சி கைக்கு நேரா வராது. உங்க வீட்டு வாசல்ல இருக்கற உட்புறத் தெரு மாநகராட்சியோடது, அதுக்கு அவங்க சொந்தக் காசுல பெரிய வரவே சொத்து வரிதான். அதுக்காக சொத்து வரி மொத்தமும் ரோட்டுக்குன்னும் நினைச்சுடாதீங்க, குப்பை, தெருவிளக்கு, சம்பளம் எல்லாம் அதுல அடக்கம், பெரிய ரோடு வேலைக்கு மாநில அரசோட திட்ட நிதியும் வருது.

"சொத்து வரியை வருஷா வருஷம் டபுள் ஆக்குறான்"னு சொல்றதும் தப்பு. 1998க்கு அப்புறம் பெருசா ஏத்தி அது நிலைச்சது 2022லதான், பழைய சென்னை ஏரியால (2011ல விரிவாக்கறதுக்கு முன்னாடியே மாநகராட்சில இருந்த பகுதி) 600 சதுர அடிக்குள்ள வீட்டுக்கு 50%, 1800க்கு மேல 150%. இருபத்தி சொச்சம் வருஷம் சும்மா விட்டுட்டு ஒரே அடியா ஏத்துனா வலிக்கத்தான் செய்யும், அந்தக் கோபம் நியாயம். போட்ட ரோட்டை மறு மாசமே கேபிளுக்குத் தோண்டுறாங்களே, அதைக் கேளுங்க, நானும் சேர்ந்து கேக்கறேன்.