இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

'மலையில் ஊர்களுக்கு நடுவே பத்து, பதினைந்து கிலோமீட்டர்தான், ஒரே நாளில் ஐந்து ஊர் பார்க்கலாம், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோலும் மிச்சம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி கணக்குப் பிழை, போகட்டும். இரண்டாவது ஆபத்து.

நியூட்ரலுக்குப் போனதும், அதாவது கியரை விட்டதும், சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் எஞ்சினின் பிடி போய்விடும். மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். மிதித்துக்கொண்டே இறங்கினால், உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்புக் குறையும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. கருகல் வாடை வந்தாலே ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

சரி, மிச்சமாவது ஆகுமா? அதுவும் இல்லை. எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் போவது பெரும்பாலும் நின்றேவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது சும்மா இல்லை.

அப்புறம் அந்த ஐந்து ஊர். கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் போனாலே அதிகம். ஐந்து ஊர் பார்த்தேன் என்பவர் பார்த்தது முன்னால் போன லாரியின் முதுகைத்தான். கிழக்குச் சரிவு ஊர்களில் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும்; இரண்டு ஊரோடு நிறுத்தி, வெளிச்சத்திலேயே இறங்கிவிடுங்கள்.