மருந்து வாசனை வந்தால் பூச்சி ஒழிந்ததாகக் கணக்கா?

கிளீன் ரூம் (காற்றை வடிகட்டித் தூசியும் கிருமியும் மிகக் குறைவாக வைத்திருக்கும் அறை) வைத்திருக்கும் தொழிற்சாலைகளில் பூச்சிக் கட்டுப்பாடு என்ற பெயரில் நடக்கும் வேலையில் பாதி வீண், மீதியில் கொஞ்சம் ஆபத்து. நண்பர்களிடம் பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு எழுதியே விடுகிறேன். பதிவு நீளம்தான். கப்பலூர் பக்கமோ சிவகங்கை ரோட்டிலோ இந்த மாதிரி யூனிட்டில் வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

மதுரையில் எங்கே இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு: கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை அரோலாப் 1992 முதல் இந்த ஊரில்தான் தயாரிக்கிறது. நான் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்த இடங்கள் வேறு, அதைவிட ரொம்பச் சின்னவை. ஆனால் அறைக்கான விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஐஎஸ்ஓ 14644 தரப்படி 5ஆம் வகுப்பு அறை என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அப்படிப்பட்ட அறைக்குள் சாக்கடை ஓரமாக நடந்துவிட்டு வந்த ஓர் எறும்பு என்னென்ன கொண்டுவரும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அதான் கடைசியில் ஸ்டெரிலைஸ் பண்ணுகிறோமே சார்" என்பார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வருவது இந்தப் பதிலுக்குத்தான். எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி சாகும், சரி. ஆனால் கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாவின் மேலுறையில் எண்டோடாக்சின் என்று ஒன்று இருக்கிறது. பாக்டீரியா செத்த பிறகும் அது நஞ்சாகவே பொருளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் சூட்டுக்குக்கூட அசையாது. அதை அழிக்க 250 டிகிரி அளவுக்கு உலர்ந்த சூடு வேண்டும், பிளாஸ்டிக் லென்ஸ் அதைத் தாங்குமா? அது கண்ணுக்குள் போனால், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நோயாளிக்கு ஓரிரு நாளில் கண்ணின் முன்பகுதியில் கடுமையான அழற்சி வரலாம். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து கண்ணைக் காட்டிய ஒரு பாட்டி அதை அனுபவிக்க வேண்டுமா?

இதற்கு நாம் செய்வது என்ன? மாதம் ஒருமுறை ஒருவர் கைத்தெளிப்பானோடு வருவார். கதவோரம், சுவரோரம், பாத்ரூம் என்று அடிப்பார். வாசனை மூக்கில் ஏறினால் மேனேஜருக்குத் திருப்தி. சர்ட்டிபிகேட் ஃபைலுக்குப் போகும், ஆடிட்டுக்குக் காட்டலாம். மருந்தடிக்கும் அண்ணனைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை அதுதான்.

சிக்கல் என்னவென்றால், கிளீன் ரூமுக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அடித்த மருந்தின் கரைப்பான் ஆவியாகிக் காற்றோடு சுற்றிப் பொருளின் மேல் படியும். சிப் தயாரிக்கும் ஆலைகளில் இதற்கு இன்னும் பெரிய பயம் உண்டு. சிலிக்கானின் மின்குணத்தை மாற்ற வேண்டுமென்றே மிகச் சிறிய அளவில் சேர்க்கும் பொருட்களில் முக்கியமானவை போரானும் பாஸ்பரஸும். கரப்பானுக்கு வைக்கும் போரிக் ஆசிட் உருண்டையில் இருப்பது போரான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தில் இருப்பது பாஸ்பரஸ். கேட்காத இடத்தில் அதே பொருள் போய் உட்கார்ந்தால் சிப்பின் கதி என்ன?

நம் ஊரில் சிப் ஆலை கிடையாது என்பீர்கள். ஆனால் சர்க்யூட் போர்டு அடுக்கிவைத்த ஸ்டோருக்கு, அரிசி ஆலையில் மூட்டைக்கு நடுவே வைக்கிற மாத்திரையை வைத்துப் புகைபோட்டால் என்ன என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மனிதரைக் கொல்லும். போர்டில் உள்ள செம்பையும் அரிக்கும். நெல்லுக்கு ஏற்றது போர்டுக்கு எமன். நல்லவேளை, பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன் அங்கேயே மறித்துவிட்டார்.

எறும்பு விஷயத்திலும் இதே கதைதான். மஞ்சளாக, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் ஒரு எறும்பு உண்டு, ஆஸ்பத்திரிகளில் பேர்போனது. பாரோ எறும்பு என்பார்கள். அதன் மேல் ஸ்பிரே அடித்தால் கூட்டம் சாகாது, பல கூட்டமாகப் பிரிந்து சுவருக்குள் நாலு இடத்தில் குடியேறும். அதற்கு ஜெல் இரைதான் சரி. எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போய் ராணிக்கே ஊட்ட வேண்டும், நாம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஆனால் "ஒரே நாளில் போகணும்" என்பதுதான் எப்போதும் மேலிடத்து உத்தரவு.

அப்போது என்னதான் செய்ய? முதலில் பூச்சிப் பொறியில் வைக்கும் பசை அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விளக்குப் பொறியில் பட்டுப்பட்டென்று சுட்டுத்தள்ளும் வகை கிளீன் ரூம் பக்கமே வரக் கூடாது, பூச்சி வெடித்து அதன் தூள் காற்றில் பறக்கும். பசை அட்டை வைத்த பொறிதான் வேண்டும். அதில் ஒட்டியதை எண்ணி ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு அட்டையைக் குப்பையில் போட்டால் போதாது. என்ன பூச்சி என்று பார்க்க வேண்டும்.

ஒரு யூனிட்டில் உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த அட்டையில் வாரா வாரம் ஒரே வகைப் பூச்சி. பாத்ரூம் சுவரில் உட்கார்ந்திருக்குமே, சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் ரோமத்தோடு, சிறகை இதய வடிவில் விரித்துக்கொண்டு, அந்தக் குட்டி ஈ. இரண்டு மாதம் மருந்து அடித்தார்கள். எண்ணிக்கை குறையவே இல்லை. அங்கே கூட்டித் துடைக்கும் அக்கா ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்தப் பழைய கை கழுவுற ரூம்ல தரையில ஒரு ஓட்டை இருக்குல்ல, அதுல யாரும் தண்ணி ஊத்துறதே இல்ல. மூடியத் தூக்கிப் பாருங்க." தூக்கினோம். கீழே வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றி, குழாய்ச் சுவரில் கறுப்புப் பாசி வழவழவென்று ஒட்டியிருந்தது. ஈயின் புழு அதில்தான் வளர்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்து, வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். அட்டை சுத்தமானது. அக்காவின் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் வரவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்.

அட்டைப்பெட்டி இன்னொரு வாசல். பெட்டியின் நெளிவு மடிப்புக்குள் கரப்பான் முட்டை வரும். ஈரம் பட்ட பெட்டியில் பூஞ்சை வரும், பூஞ்சையைத் தின்னப் புத்தகப் பேன் வரும். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அது தாக்குப்பிடிப்பது கஷ்டம். பெட்டியை வெளியிலேயே பிரித்து, உள் கவரை மட்டும் துடைத்து உள்ளே அனுப்புங்கள்.

கிளீன் ரூமைக் காப்பதே உள்ளே கூடுதலாக வைத்திருக்கும் காற்றழுத்தம்தான். பக்கத்து அறையைவிட 10, 15 பாஸ்கல் அதிகம், அதனால் கதவிடுக்கில் காற்று வெளியே தள்ளும். சனிக்கிழமை ராத்திரி கரண்ட் பில்லுக்காக ஏ.எச்.யூ.வை (காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் இயந்திரம்) நிறுத்தினால் அந்தத் தள்ளலும் நின்றுபோகும். எலிக்குஞ்சு நுழைய 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும், எறும்புக்குச் சொல்லவே வேண்டாம். திங்கட்கிழமை காலை எறும்பு எப்படி வந்தது என்று விசாரணை வைப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை அழுத்தமானியில் முள் எங்கே நின்றது என்று பார்க்கட்டும்.

விளக்குக்கு வருகிறேன். நம் யூனிட்கள் பல வயலையும் கண்மாயையும் ஒட்டித்தான் இருக்கின்றன. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். வீட்டு விளக்கை அணைத்து, வாசலுக்குத் தள்ளி ஒரு விளக்கும் அதன் கீழே தண்ணீர்ச் சட்டியும் வைத்த அப்பத்தாக்களுக்கு இருந்த அறிவு, லோடிங் கதவுக்கு நேர் மேலே பளீரென்று வெள்ளை விளக்கு மாட்டும் நமக்கு இல்லாமல் போய்விட்டது. விளக்கைக் கம்பத்தில் தள்ளி வைத்து வெளிச்சத்தைக் கதவு பக்கம் திருப்புங்கள். புற ஊதா குறைவான, மஞ்சள் சாயலுள்ள எல்இடி போடுங்கள். விளக்குப் பொறியின் நீல வெளிச்சம் திறந்த கதவு வழியாக வெளியே தெரிந்தால், நாமே வெற்றிலை பாக்கு வைத்துப் பூச்சியை அழைத்த மாதிரி. அப்புறம் பல்லி. கதவு மேல் பல்லி குடியிருந்தால் அங்கே அதற்குத் தினமும் சாப்பாடு கிடைக்கிறது என்று அர்த்தம்.

கான்ட்ராக்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை தடவை மருந்து அடிப்பார்கள் என்று எழுதாதீர்கள். மாதம் எத்தனை மணி நேரம் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், அட்டையில் விழுந்ததை யார் அடையாளம் காண்பார்கள், சொன்ன ஓட்டையை எத்தனை நாளில் நாம் அடைப்போம் என்று எழுதுங்கள். எலிக்கு விஷம் வெளிச்சுவரோடு நிற்கட்டும், உள்ளே பொறி மட்டும். விஷம் தின்ற எலி காற்று போகும் டக்டுக்குள் செத்தால் ஈ மொய்க்கும். மாதாந்திரக் கூட்டத்தில் கூட்டித் துடைக்கும் அக்காக்களில் ஒருவருக்கும் வாட்ச்மேனுக்கும் நாற்காலி போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த லோடிங் கதவு விளக்கை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.